குழி விழுந்தா நம்ம ஆளு

வேனை நிறுத்திக் கீழே இறங்கியதும் கெர்ட்ரூட் அக்கா செய்கிற முதல் வேலை, வலது குதிகாலால் மண்ணை ஓங்கி ஒரு குத்து குத்துவது. கல்யாண மண்டபத்து வாசலோ, மாதா கோயில் வளாகமோ, பள்ளிக்கூடத் திடலோ, எங்கே இறங்கினாலும் குதிகால் தானாகப் போய்விடும். பிறகு குனிந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். "இது இழுக்குற மண்ணு," என்பார். அல்லது, "பாக்க நல்லாத்தான் இருக்கு, ஏமாத்திப்புடும்," என்பார். போன வருடம் எங்கள் அடுக்குமாடி கிளென் மாமாவை அடக்கம் செய்யப் போன இடத்தில்கூட விடவில்லை. பாதிரியார் ஜெபம் சொல்லி முடித்ததும் மெதுவாக ஒரு குத்து குத்திவிட்டு என் காதருகே வந்து, "அருமையான மண்ணு தம்பி, வீணாப் போவுது," என்றார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வயது ஐம்பத்தைந்து. மலேசியாவில் ஈப்போ நகரத்தில், புந்தோங் பக்கம், நாங்கள் இருக்கும் அதே அடுக்குமாடியில் ஏழாவது மாடி. பிழைப்புக்குப் பள்ளி வேன் ஓட்டுகிறார். அந்த வேனில் பின் இருக்கைகளுக்கு அடியில் என் மணிக்கட்டுப் பருமனில் ஒரு மணிலாக் கயிறு சுருண்டு கிடக்கும். பிள்ளைகள் அதன்மேல் புத்தகப் பையை வைக்கலாம், உட்காரலாம், தூங்கக்கூடச் செய்யலாம். தாண்ட மட்டும் கூடாது. "கயித்தத் தாண்டாத, சுத்திப் போ," என்று கண்ணாடியில் பார்த்தே சத்தம் போடுவார். வேனுக்குள் எங்கே சுற்றிப் போவது என்று எந்தப் பிள்ளையும் இதுவரை கேட்டதில்லை.

அந்தக் கயிறு, பதினேழாங்கட்டை ரப்பர் தோட்டத்து மகளிர் கயிறு இழுப்புக் கிளப்பின் மொத்தச் சொத்து. கெர்ட்ரூட் அக்கா அதன் கடைசி ஆள். கயிறு இழுப்பில் கடைசி ஆள் என்றால் சும்மா இல்லை. எட்டாவதாக நின்று, கயிற்றை அக்குளுக்கு அடியில் கொடுத்து, முதுகைச் சுற்றி, தோள் வழியாக எடுத்துக்கொண்டு சாய வேண்டும். முன்னால் ஏழு பேரும் தளர்ந்தாலும் அவர் தளரக் கூடாது. தழும்பேறிய அந்தத் தோளைத்தான் ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்கு வரும்போது நல்ல சேலை போட்டு மூடியிருப்பார்.

தோட்டம் இப்போது இல்லை. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். பிறகு நாங்கள் குடியிருந்த லயங்களை உடைத்தார்கள். மாரியம்மன் கோயிலும் அதைச் சுற்றி நாலைந்து வீடுகளும் மிச்சம். மற்ற நாங்கள் எல்லாரும் ஈப்போவுக்கு வந்து ஆளுக்கொரு மாடியில் ஏறிக்கொண்டோம். வருடத்துக்கு ஒருமுறை தோட்டத்துக்காரர்களின் குடும்ப தினம் நடக்கும். அப்படி ஒரு குடும்ப தினத்தில்தான் வேடிக்கைக்காக ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று கயிற்றைக் கொடுத்தார்கள். பெண்கள் எங்களை இழுத்துப் போட்டார்கள். நாங்கள் எழுந்து சிலுவாரில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு, பொம்பளைங்கதானே என்று விட்டுக்கொடுத்ததாகச் சொன்னோம். கெர்ட்ரூட் அக்கா கயிற்றைக் கீழே போடவே இல்லை. "அப்படியா அண்ணே, இன்னொரு தடவ விட்டுக் குடுங்க," என்றார். அந்த இன்னொரு தடவையில் என் ஒரு கால் சிலிப்பர் அவர்கள் பக்கம் போய்ச் சேர்ந்தது. அன்றைக்குக் கயிற்றைச் சுருட்டி வேனில் போட்டவர் இன்றுவரை திருப்பித் தரவில்லை. கிளப் பிறந்த கதை இதுதான். என் மனைவி ஜெனட் அதில் மூன்றாவது ஆள். வாரத்தில் மூன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் சோறு பொங்குவது நான்.

இந்தக் கிளப்பில் சேர விண்ணப்பப் பாரம் இல்லை, சந்தா இல்லை, அட்டை இல்லை. குழிதான் உண்டு. அடுக்குமாடிக்குப் பின்னால், பழைய ஈயச் சுரங்கக் குட்டை ஓரத்துக் காலி நிலத்தில் கயிற்றின் ஒரு முனையை மரத்தில் கட்டி இழுப்பார்கள். ரப்பர் வெட்டுகிறவர்கள் போடும் கறுப்பு ரப்பர் சப்பாத்துதான் எல்லார் காலிலும். நன்றாகச் சாய்ந்து இழுக்கிறவளின் குதிகால் மண்ணுக்குள் இறங்கிக் குழி போடும். பயிற்சி முடிந்ததும் அவரவர் குழியை அவரவர் காலால் மூடிவிட்டுத்தான் போக வேண்டும். தோட்டத்தில் கயிறு இழுத்த காலத்தில், திடலில் அடுத்த நாள் பந்து விளையாடுகிற பையன்கள் காலை ஒடித்துக்கொள்ளக் கூடாது என்று ஏற்பட்ட பழக்கம் அது. இங்கே பந்தும் இல்லை, பையன்களும் இல்லை, பழக்கம் மட்டும் போகவில்லை. புதிதாக வருகிறவர்களுக்குக் கால் வழுக்கும், மண்ணில் கோடு விழும், குழி விழாது. சிலருக்கு மாதக்கணக்கில் விழாது. என்றைக்கு விழுகிறதோ அன்றைக்குக் கெர்ட்ரூட் அக்கா பக்கத்தில் வந்து நின்று குனிந்து பார்ப்பார். "மூடு," என்பார். அந்த ஒரு சொல்தான் மெம்பர் ஆனதற்கு அடையாளம். அதற்குப் பிறகுதான் மஞ்சள் டீஷர்ட்.

இதில் ஆள் பார்த்து முகம் பார்த்து நடக்கிற வேலையே கிடையாது. ஒரு முறை பெரிய இடத்து அம்மாள் ஒருவர் காரில் வந்து இறங்கினார். கிளப்புக்கு ஆலோசகராக இருக்கிறேன், எல்லாருக்கும் சட்டை தைத்துத் தருகிறேன், கூட்டத்துக்கு வந்து பேசுகிறேன் என்றார். எங்களுக்கெல்லாம் வாயில் எச்சில் ஊறியது. கெர்ட்ரூட் அக்கா ரொம்ப மரியாதையாக ஒரு ஜோடி ரப்பர் சப்பாத்தை எடுத்து அந்த அம்மாள் முன்னால் வைத்தார். "மொதல்ல இழுங்கம்மா. குழி விழுந்தா நம்ம ஆளு," என்றார். கார் போய்விட்டது. நான் மட்டும் என்ன? தண்ணீர் தூக்குகிறேன், கயிறு சுருட்டுகிறேன், காயம் பட்டால் மருந்து தடவுகிறேன். ஒரு நாள் துணிந்து, நானும் இந்தக் கிளப்புதானே அக்கா என்று கேட்டேன். "நீ ஜெனட்டு புருசன் தம்பி. இழுக்காதவங்க இழுக்காதவங்கதான்," என்றார்.

ஏன் இத்தனை கறார் என்று அவரிடமே கேட்டிருக்கிறேன். வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார். "தோட்டத்த விட்டு வந்து எத்தன வருசம் இந்த மாடியில இருந்தேன். லிஃப்டுல ஏறுனா எல்லாரும் நம்பரத்தான் பாக்குறாங்க, மூஞ்சியப் பாக்க மாட்டாங்க. கோயில்ல நான் தோட்டத்து ஆளு, கீழ நான் வேன் ஆன்ட்டி. கயித்தப் புடிச்சா அப்படி இல்ல தம்பி. முன்னால நிக்கிறவ மூச்சு வாங்குறது எனக்குக் கயித்துலயே தெரியும். அவளுக்கு என்னுது தெரியும். கயித்த விட்டா நான் வேன்காரிதான்." பிறகு, ரொம்பச் சாதாரணமாக, தன் ஆசையையும் சொன்னார். ஒரே ஒரு முறை வெளியூர்த் திடலில், ஒலிபெருக்கியில் தோட்டத்துப் பேரைச் சொல்லிக் கூப்பிட, கயிற்றின் கடைசியில் தான் நிற்க வேண்டும்.

போன ஆடி மாதம் அந்த வாய்ப்பு வந்தது. கடலோரத்துப் பாகான் டத்தோவில் மகளிர் கயிறு இழுப்புப் போட்டி. நாலு அணிகள். கிளப்பில் ஒரே கொண்டாட்டம். ஜெனட் தூக்கத்தில்கூட மெத்தையை உதைத்தாள். ஆனால் ஒரு சிக்கல். முதல் தடவையாக எடைக் கட்டுப்பாடு உள்ள போட்டி. எட்டுப் பேரும் சேர்ந்து ஐநூற்று நாற்பது கிலோவைத் தாண்டக் கூடாது. எங்கள் எட்டுப் பேரும் நன்றாகச் சாப்பிடுகிற குடும்பத்துப் பெண்கள். இரண்டு மாதம் பட்டினியும் ஓட்டமுமாகக் கிடந்து, போட்டிக்கு முதல் நாள் பழைய இரும்புக் கடைத் தராசில் எட்டுப் பேரும் மொத்தமாக ஏறி நின்றார்கள். கடை முதலாளியான சீனத் தவுக்கே சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முள் மயிரிழையில் உள்ளே நின்றது. மாற்று ஆளாகப் பிரமிளா. கைத்தொலைபேசிக் கடையில் வேலை செய்கிற ஒல்லிப் பெண். நாலு மாதமாகத் தவறாமல் வருகிறாள், இன்னும் குழி விழவில்லை. கிளப் டீஷர்ட் இல்லாததால் சொந்தமாக ஒரு மஞ்சள் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வேன் கிளம்பியது. முதல் நாள் மத்தியானத்திலிருந்து யாரும் ஒரு வாய் சாப்பிடவில்லை. கயிற்றைத் தோட்டத்து மாரியம்மன் முன்னால் வைத்து எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்றார் கெர்ட்ரூட் அக்கா. அவர் சனிக்கிழமையே பூசை கண்டுவிட்ட கத்தோலிக்கர். கேட்டால், "நான் மாதா புள்ளதான். கயிறு தோட்டத்துக் கயிறாச்சே," என்பார். ஜெனட் பதறினாள். "இன்னிக்கு ஆடி ஞாயிறு அக்கா. கூழு ஊத்துவாங்க. வேணாம்லா," என்றாள். மற்றவர்களும் வேண்டாம் என்றார்கள். சும்மா எட்டிப் பார்த்துவிட்டு உடனே கிளம்பிவிடலாம் என்று சொல்லி, பதினேழாங்கட்டைச் சந்தியில் கெர்ட்ரூட் அக்கா வேனைத் திருப்பினார்.

எட்டிப் பார்த்தோமா, அண்டா எங்களைப் பார்த்துவிட்டது. கோயிலை ஒட்டி இன்னும் குடியிருக்கும் நல்லம்மாள் அக்கா அகப்பையோடு நின்றார். கேழ்வரகுக் கூழ், சின்ன வெங்காயம், மோர் மிளகாய், முருங்கைக் கீரை. மஞ்சள் டீஷர்ட்டுகளைக் கண்டதும் அவர் முகம் பூத்துவிட்டது. எடை, தராசு என்று என்னென்னவோ விளக்கினார்கள். நல்லம்மாள் அக்கா காதில் எதுவும் ஏறவில்லை. "ஆத்தா கூழு வேணாங்குற வாயி எது, காட்டு பாப்போம்," என்றார். யார் காட்டுவது? தோட்டத்தில் பிறந்தவள் ஆடிக் கூழை மறுத்துவிட்டு எந்த முகத்தோடு தோட்டத்துப் பேரில் கயிறு பிடிப்பது? கெர்ட்ரூட் அக்காதான் முதலில் கை நீட்டினார், அரைக் கிண்ணம் என்று. நல்லம்மாள் அக்காவிடம் அரைக் கிண்ணத்துக்கு அளவு கிடையாது. பட்டினி கிடந்த வயிறு, மறு கிண்ணமும் கேட்டது. நான் மூன்று குடித்தேன். என்னை யார் நிறுக்கப் போகிறார்கள்?

பாகான் டத்தோத் திடலில் இறங்கியதும் குதிகால் குத்து. "மேல மெதுவா, கீழ களி. இழுக்குற மண்ணு," என்று அக்கா பூரித்துப் போனார். அடுத்த நிமிடம் தராசு. எட்டுப் பேரும் ஏறி நின்றார்கள். நாலு கிலோ கூடுதல். கூழ் அப்படியே சிவப்பு எண்ணில் எரிந்தது. அதிகாரி தங்கமான மனிதர், அரை மணி நேரம் கொடுத்தார். உடனே வளையல், தோடு, கொண்டை ஊசி எல்லாம் என் சட்டைப் பைக்குள் வந்து விழுந்தன. எட்டுப் பேரும் குப்பைப் பையைக் கிழித்து உடம்பில் மாட்டிக்கொண்டு, கொளுத்துகிற வெயிலில் தென்னை மரங்களைச் சுற்றி ஓடினார்கள். நடந்தா போதாதா என்று ஜெனட்டிடம் ஒரு வார்த்தை சொன்னேன். அவள் பார்த்த பார்வையில் நானும் கூடவே ஓடினேன். மறுபடி தராசு. இன்னும் இரண்டு கிலோ.

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். ஒருவர் இறங்கிப் பிரமிளா ஏறினால் எடை சரியாகிவிடும். யார் இறங்குவது? நான் உட்கார்ந்துகொள்கிறேன் என்றாள் ஜெனட். இன்னொருத்தியும் சொன்னாள். கெர்ட்ரூட் அக்கா ஏற்கெனவே தோளில் போடும் சாக்குத் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஏழாவது ஆள் கலாதேவியைக் கூப்பிட்டு அவள் தோளில் கட்டினார். கலாதேவி அழுதேவிட்டாள். நீங்கள் இல்லாமல் நாங்கள் எதற்கு, திரும்பிப் போய்விடலாம் என்றாள்.

"வேனத் திருப்புனது நானு. நீங்க எல்லாரும் வேணாம்னுதானே சொன்னீங்க," என்றார் அக்கா. முடிச்சை இறுக்கி இழுத்துப் பார்த்தார். "போ. ஒக்காராத, சாஞ்சுக்கோ."

பிறகு என்னிடம் வந்து என் மழை ஜாக்கெட்டைக் கேட்டார். அந்த வெயிலில் அதை வாங்கி மஞ்சள் டீஷர்ட்டின்மேல் போட்டு, கழுத்துவரை ஜிப்பை ஏற்றிக்கொண்டார். எதற்கு அக்கா என்று கேட்டேன். "இழுக்காதவ எதுக்கு அதப் போட்டுக்கிட்டு நிக்கணும்," என்றார். ஒலிபெருக்கியில் தோட்டத்துப் பேரைக் கூப்பிட்டார்கள். அவர் என் பக்கத்தில், கோட்டுக்கு வெளியே நின்று கேட்டார்.

முதல் அணியை எளிதாக இழுத்துவிட்டோம். அவர்களுடைய சாயம் பூசிய நீள நகங்களைப் பார்த்தபோதே எனக்குத் தெரியும். இறுதி ஆட்டம் வேறு கதை. எதிரே உள்ளூர் மலாய்ப் பெண்கள், வருடா வருடம் கோப்பையை வீட்டுக்குக் கொண்டு போகிறவர்கள், படகை இழுத்துக் கரையேற்றிப் பழகிய கைகள். மூன்றில் முதல் இழுப்பு தொடங்குவதற்குள் முடிந்துவிட்டது. பிரமிளாவின் கால் சர்ரென்று வழுக்கியது, வரிசையே அவளோடு போனது. இரண்டாவதற்கு முன்னால் கெர்ட்ரூட் அக்கா அவளிடம் போய் ஏதோ சொன்னார். கையால் இழுக்காதே, கால் இருக்கிற இடத்தை மறந்துவிடு என்று சொன்னதாகப் பிறகு பிரமிளா சொன்னாள். இரண்டாவதை நாங்கள் எடுத்தோம். நான் கத்திய கத்தலில் பக்கத்தில் ஐஸ் விற்றவர் வண்டியை நகர்த்திக்கொண்டார்.

மூன்றாவது. நடுவர் கையை உயர்த்தி, மலாயில் 'செடியா' என்று தயாராகச் சொல்லி, 'தாரிக்', இழு என்று இறக்கினார். கயிறு நகரவே இல்லை. நடுவில் கட்டிய சிவப்புத் துணி அந்தரத்தில் நடுங்கிக்கொண்டு அப்படியே நின்றது. பதினாறு பெண்களும் வானத்தைப் பார்த்துச் சாய்ந்து கிடந்தார்கள். ஜெனட்டின் கழுத்து நரம்பு எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. பயிற்சி சொல்கிறவர் கயிற்றைத் தொடக் கூடாது, பேசலாம். கெர்ட்ரூட் அக்காவின் குரல் ஒரே இடத்திலிருந்து, தாழ்வாக, விடாமல் வந்தது. "சாய்… இரு… இரு… அவங்க மூச்சு விடட்டும்… இரு…" கூட்டம் கத்துவதை நிறுத்திவிட்டது. நான் என் சட்டைப் பையிலிருந்த வளையல்களை நசுக்கிக்கொண்டிருந்தேன். எதிர் வரிசையில் யாரோ ஒருத்தியின் தோள் ஒரு கணம் இறங்கியதாம். எனக்குத் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்தது.

"இப்ப."

எட்டுப் பேரும் ஒரே காலாகப் பின்னால் வைத்தார்கள். ஒன்று. இன்னொன்று. சிவப்புத் துணி எங்கள் பக்கம் வந்தது, வந்துகொண்டே இருந்தது, கோட்டைத் தாண்டியது. நடுவரின் விசிலுக்கு முன்னால் நான் திடலுக்குள் ஓடிவிட்டேன். ஜெனட் என்னைத் தூக்கினாள். ஆமாம், அவள்தான் தூக்கினாள்.

கட்டிப்பிடித்து, அழுது, எதிர் அணிப் பெண்களின் கையைக் குலுக்கி எல்லாம் முடிந்தது. ஜெயித்தாலும் தோற்றாலும் குழியை மூட வேண்டும். எல்லாரும் நின்ற இடத்துக்குத் திரும்பிப் போய்க் காலால் மண்ணைத் தள்ளினார்கள். பிரமிளா மட்டும் அசையாமல் கீழே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் காலுக்கடியில் களிமண் தெரிகிற அளவுக்குக் குழி. கெர்ட்ரூட் அக்கா ஜாக்கெட்டோடு அவள் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார்.

"மூடு," என்றார்.

பிரமிளா சிரிப்பும் அழுகையுமாக மூடினாள். அக்கா அவள் தலையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, வேனைத் திறந்து வைக்கிறேன், போட்டோவுக்கு நீங்கள் எல்லாரும் போங்கள் என்று சொல்லி நடக்க ஆரம்பித்தார். நான் ஜாக்கெட்டை வாங்கிக்கொள்ளப் பின்னாலேயே போனேன்.

"அக்கா." பிரமிளாதான் கூப்பிட்டாள். கோட்டுக்கு வெளியே, கெர்ட்ரூட் அக்கா கடைசி இழுப்பு முழுவதும் நின்ற இடத்தைக் கையால் காட்டினாள். "மூடாமப் போறீங்க."

திரும்பிப் பார்த்தோம். கயிறே படாத அந்த இடத்தில் பக்கத்துப் பக்கமாக இரண்டு குழிகள், அந்த வரிசையில் யாருடையதையும்விட ஆழமாக.

அக்கா ஜிப்பைக் கீழே இறக்கி, ஜாக்கெட்டைக் கழற்றி என்மேல் எறிந்தார். திரும்பி நடந்து போய், வலது காலால் மண்ணைத் தள்ளி இரண்டையும் நிரப்பி, குதிகாலால் ஓங்கி ஒரு குத்து குத்தினார்.